இடப்பக்கம் மேலே

என் மருமகள் என்னிடம் முகம் மாறி நின்றது ஒரேயொரு விஷயத்துக்குத்தான். டோர்ட்மண்டில் எங்கள் வீட்டுப் படுக்கையறை. அலமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று, ஜப்பானியர் கோடையில் உடுத்தும் யுகாத்தா என்ற பருத்தி அங்கியை முதன்முதலாக நானே மூடிக் கட்டியிருந்தேன். எப்படி என்று கேட்பதுபோல் பெருமையோடு அவள் பக்கம் திரும்பினேன். அவள் முகம் வெளிறிப் போயிருந்தது. விரைந்து வந்து இடுப்புக் கயிற்றை அவிழ்த்தாள். நான் மேலே போட்டிருந்த வலப்பக்கத் துணியை உள்ளே தள்ளி, இடப்பக்கத் துணியை அதன் மேல் கொண்டுவந்து மூடினாள். மற்ற எந்தப் பிழைக்கும் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பவள், இதற்கு மட்டும் சிரிக்கவில்லை. அவள் போய்விட்ட பிறகும் அந்தக் கண்ணாடி அங்கேயேதான் இருக்கிறது. நான்தான் அதன் முன் அதிக நேரம் நிற்பதில்லை.

என் மகன் டுசல்டோர்ஃபில் வேலைக்குப் போன காலத்தில் அவளைச் சந்தித்தான். அந்த நகரில் ஜப்பானியர் நிறையப் பேர். இலங்கையிலிருந்து அகதியாக வந்து, முதியோர் இல்லச் சமையலறையில் பேசிப் பேசிப் பழகிய ஜெர்மன் என்னுடையது. வகுப்பில் புத்தகத்தை வைத்துப் படித்த ஜெர்மன் அவளுடையது. இரண்டும் நொண்டி ஜெர்மன்தான். ஆனாலும் இரண்டு பேரும் கதைக்கத் தொடங்கினால் நிறுத்துவது கடினம் என்று மகன் முறைப்பாடு வைப்பான். தமிழில் அவளிடம் மூன்று சொற்கள் இருந்தன: மாமி, ஆமாம் என்பதற்கு ஓம், போதும் என்பதற்குக் காணும். நான் சோற்றுக் கரண்டியோடு கிட்டப் போனால், "காணும் மாமி, காணும்" என்று தட்டை இரண்டு கையாலும் மூடிக்கொள்வாள். நான் அந்தக் கை இடுக்கிலும் கொஞ்சம் போடுவேன்.

அங்கியைக் கட்டப் பழக வேண்டும் என்று கேட்டது நான்தான். ஒவ்வொரு கோடையும் ரைன் நதிக்கரையில் ஜப்பானியரின் வாணவேடிக்கைக்கு அவள் யுகாத்தா உடுத்திப் போவாள். எனக்கும் ஒன்று தன் ஊரிலிருந்து எடுப்பித்துத் தந்தாள். சாம்பல் நிறத் துணி, அதில் வெள்ளைத் தும்பிகள். அவளுடையது கருநீலம். இதெல்லாம் எனக்கு ஒரு வேலையா என்று நினைத்தேன். டோர்ட்மண்டில் எங்கள் ஆட்களின் கல்யாணம் என்றால் மணப்பெண்ணுக்குச் சேலை உடுத்த என்னைத்தான் கூப்பிடுவார்கள். வாயில் ஊசிகளைக் கவ்விக்கொண்டு எத்தனை பேருக்குக் கொசுவம் பிடித்து விட்டிருக்கிறேன்! அந்தப் பெருமை எல்லாம் இந்தப் பருத்தி அங்கியிடம் செல்லவில்லை. அதற்கு ஊசி கிடையாது. முதுகுத் தையல் நடு முதுகில் நேராக நிற்க வேண்டும், கழுத்துப் பட்டி பின்னால் சற்றுத் தள்ளி இருக்க வேண்டும், மிஞ்சிய நீளத்தை இடுப்பில் மடித்துவிட வேண்டும். அதெல்லாம் கெதியில் பிடிபட்டது. மூடுவதுதான் பிடிபடவில்லை. சேலையில் துணி வலப்பக்கத்திலிருந்து வந்து இடது தோளில் ஏறும். ஆயுள் முழுக்க அப்படியே பழகிய கை, அங்கியையும் வலப்பக்கத்திலிருந்துதான் கடைசியாக இழுத்து மூடும். எத்தனை தரம் சொன்னாலும் கேட்காது. சோபாவில் கிடந்து கைபேசி பார்க்கும் மகன், தலையைக்கூடத் தூக்காமல், "அம்மா, இடப்பக்கம் மேலே!" என்று கத்துவான். அது அவனுக்கு ஒரு பகிடியாகிவிட்டது.

ஏன் என்று அவள் எனக்கு உடனே சொல்லவில்லை. ஒருநாள் மகன் கடைக்குப் போயிருந்தபோது, என் கழுத்துப் பட்டியை இழுத்துச் சரிசெய்துகொண்டே, கண்ணாடியைப் பார்த்துச் சொன்னாள். வலப்பக்கத்தை மேலே போட்டு மூடுவது இறந்தவர்களுக்காம். உயிரோடு இருப்பவர்களுக்கு ஒருபோதும் அப்படி மூடமாட்டார்களாம். "மற்றதெல்லாம் பிழையாகப் போனால் பரவாயில்லை, மாமி. உங்களை அப்படி மட்டும் என்னால் பார்க்க முடியாது" என்றாள். நான் பெற்ற பிள்ளைகூட என் சாவை நினைத்து அப்படிப் பயந்ததில்லை. கணவனுக்குச் சொல்ல வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டாள். அவன் அதையும் பகிடியாக்கிவிடுவான் என்று அவளுக்குத் தெரியும். நான் சொல்லவில்லை.

அந்தக் கோடையில் நாங்கள் இருவரும் உடுத்திக்கொண்டு ஆற்றங்கரைக்குப் போனோம். ரயிலைப் பிடிக்க ஓடுகிறவள் மாதிரி நான் எட்டி நடக்க, அங்கி விலகும். அவள் என் முழங்கையைப் பிடித்து, சின்னச் சின்ன அடி வைக்கச் சொல்லிக் கூட்டிப் போனாள். எங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி கண்டுவிட்டு, "என்னக்கா இது கோலம்?" என்றாள். "என்ரை மருமகள் உடுத்தி விட்டவ. வடிவாய் இல்லையோ?" என்று திருப்பிக் கேட்டேன். வானம் வெடித்துப் பூத்தபோது எல்லாரும் மேலே பார்த்தார்கள். அவள் மட்டும் இடையிடையே என் கழுத்துப் பட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வயிற்றில் நோ என்று அவள் டாக்டரிடம் டெர்மின் கேட்டு நாள் குறித்தது அடுத்த குளிர்காலத்தில். பிறகு எல்லாம் ஆஸ்பத்திரிதான். மெலிந்து மெலிந்து, கட்டிலில் ஒரு பிள்ளையின் அளவுக்கு ஆகிவிட்டாள். ஒரு பின்னேரம், தன்னுடைய கருநீல அங்கியைத் தனக்கு உடுத்திவிட வேண்டும் என்று கேட்டாள். எப்போது என்று அவள் சொல்லவில்லை, எனக்கு விளங்கியது. "விசர்க் கதை கதையாதை பிள்ளை!" என்று அதட்டினேன். அவளுக்குத் தமிழ் விளங்காவிட்டாலும் அதட்டல் விளங்கியது. சிரித்து, என் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு, "ஓம் மாமி" என்றாள்.

அவளுடைய தாய், என் சம்பந்தி, ஜப்பானிலிருந்து வந்து சேர்ந்தபோது பிள்ளை போய்விட்டிருந்தாள். இறுதிச்சடங்கு செய்யும் இடத்தில் ஓர் அறையில் எங்கள் இருவரையும் அவளோடு விட்டார்கள். எங்களுக்குள் பொதுவாக ஒரு மொழியும் கிடையாது. சம்பந்தி அந்தக் கருநீல அங்கியை என்னிடம் நீட்டித் தலைகுனிந்தார். நான் அவளுக்கு உடுத்தினேன். முதுகுத் தையலை நடுவில் வைத்தேன். பிறகு வலப்பக்கத்தை உள்ளே வைத்து இடப்பக்கத்தை மேலே கொண்டுவந்து மூடினேன். தெரிந்துதான் செய்தேன். எத்தனையோ தரம் கேளாத கை அன்றைக்கு ஒரு பிழையும் விடாமல் செய்தது. என் பிள்ளையை என் கையால் செத்தவளாக்க எனக்கு மனம் வரவில்லை.

சம்பந்தி பார்த்துக்கொண்டே நின்றார். கோபிக்கவில்லை. என் கைகளின் மேல் தன் கைகளை வைத்து, வேண்டாம் என்பதுபோல் மெல்லத் தலையை ஆட்டினார். இரண்டு பேருமாக அதைத் திறந்தோம். அவர் இடப்பக்கத்தை உள்ளே வைத்தார். வலப்பக்கத்தை நான் மேலே கொண்டுவந்தேன். இடுப்புப் பட்டியை முன்னால் முடிந்தோம்.

மகன் உள்ளே வந்தான். சாவு நடந்ததிலிருந்து அவன் அழவில்லை. யார் யாருக்கு அறிவிப்பது, எந்தக் காகிதத்தில் ஒப்பம் வைப்பது என்று மரம் மாதிரித் திரிந்துகொண்டிருந்தான். அவளுடைய தலைமாட்டில் வந்து நின்று முகத்தைப் பார்த்தான். பிறகு பார்வை கழுத்துப் பட்டிக்கு இறங்கியது.

"அம்மா, திரும்பவும் மாறிப் போட்டியள்" என்றான். "இடப்பக்கம் மேலே வரவேணும். அவளுக்குப் பிடிக்காது அம்மா, அவிழ்த்துச் சரியாக் கட்டுங்கோ."

இடுப்புப் பட்டியை அவிழ்க்கத் தானே கையை நீட்டினான். நான் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"இல்லைத் தம்பி" என்றேன். "இண்டைக்கு இப்பிடித்தான் கட்டவேணும்."

அவன் என்னைப் பார்த்தான். தலைகுனிந்து நின்ற சம்பந்தியைப் பார்த்தான். பிறகு அவளைப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்கு அழுகை வந்தது.