குலை விழும் சத்தம்

மின்னல் வெட்டியதும் என் மகள் காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கடியில் புகுந்துவிட்டாள். விளக்கம் சொன்னால் இன்னும் பயப்படுவாளோ என்று எனக்குத் தயக்கம். அடுத்து வந்த இடி என்னை நான் வளர்ந்த கோலசிலாங்கூர் தோட்டத்துக்குக் கொண்டுபோனது.

பள்ளி விட்டதும் கால்வாய்க் கரையில் நின்று, தூரத்தில் அப்பா கீழிருந்தே நீண்ட அரிவாளால் செம்பனை மரத்தின் எண்ணெய்ப்பழக் குலையை வெட்டுவதைப் பார்ப்பேன். குலை சத்தமில்லாமல் விழும். அப்பா மேலேயே விழுந்துவிட்டதோ என்று மூச்சை அடக்கி நிற்பேன். அப்புறம்தான் ‘தொம்’ என்று கேட்கும். உடனே அப்பா கையைத் தூக்கி, “ஓய்!” என்பார். கை முதலில் தெரியும். குரல் பிந்தி வரும்.

“ஏம்பா லேட்டா கூப்புடுறீங்க?”

“நான் ஒடனேதான் கூப்புட்டேன். ஒங்காதுதான் சோம்பேறி லா!”

என் காதில்தான் கோளாறு என்று வெகுநாள் நம்பியிருந்தேன். ஒளி வேகமாக வரும், ஒலி மெதுவாக வரும் என்பதை இடைநிலைப் பள்ளியில்தான் படித்தேன்.

நானும் மேசைக்கடியில் நுழைந்தேன். “வெளிச்சம் முந்தி வந்துரும்டா, சத்தம் பின்னாடி வரும். இடி கேக்குறப்ப அந்த மின்னல் முடிஞ்சு போயிருக்கும்.”

“அப்ப இடி நம்மள ஒண்ணும் பண்ணாதாம்மா?”

“பண்ணாது.” சரியாகத்தான் சொன்னேனா என்று யோசிப்பதற்குள் மறுபடியும் மின்னியது.

அவள் காதிலிருந்து கைகளை எடுத்துவிட்டு, இடிக்காகக் காத்திருந்தாள்.