மாடியில் மிஞ்சிய தணல்

அண்ணன் பிரான்சிலிருந்து விடுமுறைக்கு வந்தால் காரைக்காலில் எங்கள் வீட்டு மொட்டை மாடிக்குப் புதுச் சட்டங்கள் வந்துவிடும். கூடவே, மடக்கி எடுத்துவந்த பார்பெக்யூ அடுப்பும் வரும். அதை எங்கே வைப்பது என்பதற்கே அரைநாள் போய்விடும். அடுத்த வீட்டுக் கொடியில் துணி காய்ந்தால் அந்தப் பக்கம் கூடாது. தலைக்கு மேல் கேபிள் ஒயர் போனால் கூடாது. பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியை நெருங்கவே கூடாது. கொஞ்சம் மண்ணெண்ணெய் ஊற்றினால் சட்டென்று பற்றுமே என்று சொன்ன என்னை முறைத்தார். பக்கத்தில் ஒரு வாளி மணல், ஒரு வாளி தண்ணீர்.

"மீன் சுடறீங்களா, ஃபயர் ஸ்டேஷன் தொறக்கறீங்களா?" என்று கிண்டல் செய்தேன்.

அவர் சிரிக்கவில்லை. வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கிற தெருவில் நெருப்போடு விளையாடக் கூடாது என்றார். அவருடைய இந்த வாத்தியார்த்தனம் எனக்கு அப்போது எரிச்சலாகத்தான் இருந்தது.

இரண்டு வருடங்களுக்கு முன், கிறிஸ்துமஸ் முடிந்த வாரம் அது. காரைக்கால்மேட்டிலிருந்து கொடுவா மீன் வாங்கிவந்து மத்தியானம் மாடியில் சுட்டோம். அப்பா இன்னொரு துண்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கீழே தன் அறைக்குத் தூங்கப் போனார். அண்ணன் ஏசி வைத்துக் கட்டிக்கொடுத்த அறை அது. கொசு வராமலிருக்கக் கதவைச் சுற்றி ரப்பர் பட்டைகூட ஒட்டியிருந்தார்.

வானம் இருட்டிக்கொண்டு வந்தது. அண்ணன் தணலை அணைக்க வாளியைத் தூக்கினார். அம்மா ஓடிவந்து தடுத்தார்.

"நல்ல தணல்ல போய் யாராவது தண்ணிய ஊத்துவாங்களா? விடுப்பா, சாம்பிராணி போட்டுக்கறேன்."

அண்ணன் வாளியைக் கீழே வைத்தார். அம்மா தணலை ஒரு பழைய இரும்புச் சட்டியில் அள்ளிக்கொண்டு போனார். மழை ஈரத்தில் அப்பா அறை ஒரே புழுங்கல் நாற்றம். சாம்பிராணியைத் தூவிச் சட்டியைக் கட்டிலோரம் வைத்துவிட்டு, ஏசி குளிர் வெளியே போகாதபடி கதவைச் சாத்திவிட்டு வந்தார். பழைய ஓட்டு வீட்டில் மழைக்காலமெல்லாம் இதைத்தான் செய்வார். அந்த வீட்டில் காற்று நாலு பக்கமும் புகுந்து வரும், யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை.

காப்பிக்கு எழுப்பினோம். அப்பா எழுந்திருக்கவில்லை.

மருத்துவமனையில் டாக்டர் என்னையும் அண்ணனையும் தனியாகக் கூப்பிட்டு, அறையில் கரி ஏதாவது எரிந்ததா என்று கேட்டார். மூடிய அறையில் தணல் கிடந்தால் விஷவாயு சேரும், அதற்கு மணம் இல்லை, தூங்குகிறவருக்குத் தெரியவே தெரியாது என்றார். அம்மா வெளியே பெஞ்சில் செபமாலையோடு உட்கார்ந்திருந்தார். மீன் முள் ஏதாவது சிக்கியிருக்குமா என்று நர்ஸிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

அண்ணன் போய் அவர் காலடியில் உட்கார்ந்தார். "என் அடுப்புப் பொகைதாம்மா. ஏசி வழியா கீழ எறங்கிடுச்சாம்."

அந்த ஏசி வெளிக்காற்றை உள்ளே இழுக்கிற வகையே இல்லை. விவரம் தெரிந்த யாரும் நம்பமாட்டார்கள். அம்மா நம்பினார். அத்தனை பேர் முன்னாலும் அண்ணனைக் கன்னத்தில் அறைந்தார். அதற்குப் பிறகு அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை.

எனக்கு இரண்டு பேர் மேலும் கோபம். அப்பாவை நினைத்து அழக்கூட விடாமல் என்னை இந்தப் பொய்க்குக் காவல் வைத்துவிட்டார்களே என்று ஆத்திரம்.

போன மாதம் அண்ணன் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானது. அம்மாவின் ஆசீர்வாதம் வேண்டும் என்று போன் செய்தார். நான் போனை நீட்டினேன். அம்மா திரும்பிக்கூடப் பார்க்காமல் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுமை போய்விட்டது.

"இன்னும் எத்தன நாளைக்கும்மா? அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

அம்மா தலை நிமிரவில்லை.

"அவன் மேல கோவம் இருந்துட்டுப் போவட்டும்டி. அதுவும் இல்லன்னா, பக்கத்து ரூம்லயே இருந்துக்கிட்டு அந்த மனுசன ஏன் ஒருதடவ எட்டிப் பாக்கலன்னு என்னையே நான் கேட்டுக்கணும். அத என்னால தாங்க முடியாது."

கையில் போன் இன்னும் இணைப்பில் இருந்தது. காதில் வைத்தேன்.

"சொல்லிடாத தங்கச்சி," என்றார் அண்ணன்.