மாதையன் தமிழில் சொன்னது

மைசூருக்கு வந்த புதிதில் என்னைத் தடுமாற வைத்தது ‘பேஜாரு’ என்ற சொல். நான் வளர்ந்த பெரம்பூரில் பேஜார் என்றால் தொல்லை. இங்கே மனநல மருத்துவராக நான் பார்த்த முதல் முன்னாள் ராணுவ வீரர், “தும்ப பேஜாரு மேடம்”, ரொம்ப பேஜார் என்றதும், யார் தொல்லை கொடுக்கிறார்கள் என்று அரைகுறைக் கன்னடத்தில் கேட்டேன். யாராவது நிற்கிறார்களோ என்று அவர் கதவைத் திரும்பிப் பார்த்தார். சலிப்பு, துக்கம், மனத்தாங்கல் எல்லாவற்றுக்கும் இங்கே அந்த ஒரு சொல்தான் என்று பிறகுதான் தெரிந்தது. வந்தவரிடம் இருப்பது அவற்றில் எது என்று தேடுவதே என் வேலையானது. அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது. குண்டடி, கண்ணிவெடி, கூட இருந்தவனின் சாவு எல்லாவற்றையும் கன்னடத்தில் கேட்டேன். வீட்டுக்குப் போய் நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

தமிழ் டாக்டர் ஒருத்தி இருக்கிறாள் என்ற செய்தி, தமிழ் பேசுகிறவர்கள் நிறைய இருக்கும் ஹனூர்ப் பக்கம் போனதும் நிலைமை மாறியது. முதலில் வந்தவர் ஓய்வுபெற்ற ஹவில்தார் மாதையன். சில மாதங்கள் தூக்கமின்மையை மட்டும் சொல்லிக்கொண்டிருந்தவர், ஒருநாள் எல்லையில் தன் முகாமை மூடிய பனிச்சரிவைப் பற்றிச் சொன்னார். புதைந்த நண்பனைக் கையால் தோண்டித் தேடியிருக்கிறார்.

“உள்ளயிருந்து கூப்புட்டுக்கிட்டே இருந்தானுங்கம்மா. அப்பறம் கூப்புடவே இல்லீங்க.”

இதைவிடக் கொடுமையானவற்றைக் கன்னடத்தில் கேட்டிருக்கிறேன். ஆனால் இது என்னோடு வீட்டுக்கு வந்தது. கன்னடத்தில் ஒவ்வொரு வாக்கியத்தையும் புரிந்துகொள்ள எடுத்த அந்தச் சிறு இடைவெளிதான் இத்தனை காலம் என்னைக் காப்பாற்றியதோ? தமிழில் அந்த இடைவெளி இல்லை. அவரைத் தொடர்ந்து மற்றவர்களும் வந்தார்கள். நாளாக நாளாக என் தலை மட்டும் ஆடியது. காதில் எதுவும் ஏறவில்லை. ஒரு மதியம் மாதையன் பேச்சை நிறுத்தினார்.

“டாக்டரம்மா, நான் சொல்றது கேக்குதுங்களா?”

கேட்கவில்லை. அவரிடம் அதை ஒப்புக்கொண்டேன். அந்த வாரமே விடுப்பு எடுத்தேன். இனி என்னோடு வேலை செய்யும் சுமா டாக்டர் பார்ப்பார் என்றபோது அவர் முகம் வாடியது. “அவங்களுக்குத் தமிழ் தெரியாதுங்களே. நான் எப்படிங்க சொல்றது?”

விடுப்பு முழுக்க அந்தக் கேள்வி என்னை அரித்தது. திரும்பி வந்த அன்று வராந்தாவில் அவரே எதிர்ப்பட்டார். முகத்தில் தூங்கி எழுந்த தெளிவு.

“சுமாம்மாகிட்ட இந்தியில சொல்லிப்புட்டனுங்க. அங்க பட்டாளத்துல எல்லாம் இந்தியிலதானுங்களே நடந்துச்சு. அவனும் இந்தியிலதான் கூப்புட்டான். தமிழ்ல சொன்னா வீட்டுல புள்ளைங்க காதுல உழுகுற மாதிரி இருந்துச்சுங்க.”

அவருக்கும் தமிழ் அத்தனை பக்கத்தில் இருந்திருக்கிறது! சுமாவிடமே தொடர்கிறேன் என்றார். நிம்மதியாக இருந்தது, கொஞ்சம் பொறாமையாகவும் இருந்தது.

இப்போது வாரத்தில் சில நாட்கள் மட்டும் நோயாளிகளைப் பார்க்கிறேன். நானும் குவெம்புநகரில் ஓர் ஆலோசகரிடம் போகிறேன். கன்னடக்காரர், தமிழ் அறியாதவர். முதல் நாள் மருத்துவமனையைப் பற்றித் தடையின்றிக் கன்னடத்தில் சொல்லிக்கொண்டு போனேன். “இதையெல்லாம் உங்க அம்மாகிட்ட சொன்னீங்களா?” என்று கேட்டார். கன்னடத்தில்தான் கேட்டார். பதில் தமிழில் வந்தது. நிறுத்த முயன்றேன், முடியவில்லை. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியை அருகே இழுத்துக்கொண்டார். ஒரு வார்த்தையும் புரியாத அவரிடம், அழுது முடிக்கும் வரை தமிழிலேயே பேசினேன்.