கீபோர்ட் லைட்டை மங்கவைச்ச தம்பி

பெற்றோலுக்கு ஊரே லைன்ல நிண்ட வருசம், என்ர கண் ஒப்பரேஷன் முடிஞ்ச கையோட நடந்தது. கனடாவில பிறந்த பேத்தியை மகள் அண்டைக்குப் பின்னேரம் கொம்பியூட்டரில காட்டுறதெண்டவள். ஆனா கீபோர்ட் மூலையில எரியிற சின்ன வெள்ளை லைட் கண்ணில ஊசிமாதிரிக் குத்துது, திரையைப் பாக்கேலாது.

வெள்ளவத்தையில எங்கட வீட்டுக்குக் கொம்பியூட்டர் திருத்திற தம்பி வந்தார். பெரிய மீசை. பொக்கற்றில நகத்துக்குப் பூசுற சிவப்பு கியூட்டெக்ஸ்.

"பெண்சாதியின்ரயோ?"

"கலியாணமே கட்டேல்லை, ஐயா. இது லைட்டுக்குப் பூச."

"பிளாஸ்டர் ஒட்டி மறையுமன்."

"மறைச்சா எரியுதோ எண்டு தெரியாது. மங்கினாப் போதும்."

பூசுவார், காயவிடுவார், "இப்ப குத்துதோ?" எண்டுவார். லைட்டைப் பாக்கேல்லை, என்ர கண்ணைத்தான் பாத்தவர். அது சுருங்காமல் நிக்குமட்டும் பூசினார். லைட் சாம்பிராணித் தணல்மாதிரி அடங்கிச்சுது.

மகளின்ர கோல் வரமுந்தியே போயிட்டார். இருக்கிறது பாமன்கடைப் பக்கமாம். கண்டா சொல்லுங்கோ, பேத்தி கொட்டாவி விட்டதைக்கூட நான் வடிவாக் கண்டனான் எண்டு.