கொத்தாத நிலம்

எழுபதுகளில், இலங்கை மலையகத்துப் பூனாகலையில், தேயிலைத் தொழிலாளரின் வரிசை வீடுகளான எங்கள் லயத்துக்குப் பின்னால், கீழ்ச் சரிவில் வீட்டுக்கொரு மரக்கறித் தோட்டம் இருந்தது. ஞாயிறுகளில் எல்லோரும் சேர்ந்து ஒவ்வொருவர் நிலமாகக் கொத்துவோம். எங்கோ படித்த வேகத்தில் நான் சொன்னேன்: "என் நிலத்தக் கொத்த வேணாங்க. புல்ல வெட்டி மூடிட்டு, குழி மட்டும் போட்டு போஞ்சி விதை நடப்போறேன். மழைக்கு மண்ணு கரையாது."

"அப்ப எங்களுக்கு லீவா தம்பி?" என்று பக்கத்து வீட்டு அண்ணன் சிரித்தார். "சரி, நீயும் எங்க நிலத்துக்கு வர வேணாம்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் கணக்கு. அடுத்தடுத்த ஞாயிறுகளில் அவர்களுடைய சிரிப்பு மட்டும் மேலே லயத்துக்கு வந்தது.

ஐப்பசி மழையில் என் மண் அசையவே இல்லை. அதைக் காட்ட ஆள் தேடினேன். எல்லோரும் அண்ணனின் கரைந்த பாத்திகளைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நானும் மண்வெட்டியோடு அவர்களை நோக்கி இறங்கினேன். யாரும் கூப்பிடவில்லையே என்று பாதி வழியில் நின்றுவிட்டேன்.