கழிப்பறை வாசலில் பேராசிரியை

காலை எட்டேகால். சிறுநீர்க் கசிவுக்கும் கருப்பை இறக்கத்துக்கும் வைத்தியம் பார்க்கும் பிரிவில், கழிப்பறைக் கதவை மறித்துக்கொண்டு நிற்கிறார் பேராசிரியை. மருத்துவக் கல்லூரியில் இருபத்திரண்டு வருட சர்வீஸ், தனி அறை, சுழல் நாற்காலி எல்லாம் உண்டு. ஆனாலும் அவருடைய நாள் தொடங்குவது இங்கேதான்.

"எங்கேம்மா கிளம்பிட்டீங்க? கொஞ்சம் அடக்கிக்குங்க. பார்த்து முடிச்சதும் ராணி மாதிரி போகலாம்."

பரிசோதனைக்கு முன்னால் ஓடிப்போய் ஒன்றுக்கு இருந்துவிட்டு வருவது இங்கே வருகிறவர்களின் வழக்கம். மானம் காக்கும் ஏற்பாடு. காலியான சிறுநீர்ப்பையில் கசிய என்ன இருக்கும்?

மூன்று வாரங்களுக்கு முன் ஒருநாள் பேராசிரியைக்கு வகுப்பு இருந்ததால் வாசலில் காவல் இல்லை. அன்று வந்த பள்ளி விளையாட்டு ஆசிரியையைப் படுக்க வைத்து இருமச் சொன்ன முதுநிலை மாணவி, 'கசிவு இல்லை' என்று எழுதினாள். வகுப்பு முடிந்து வந்த பேராசிரியை நின்றவாக்கில் கையெழுத்துப் போட்டார்.

இன்று அந்த ஆசிரியை மறுபடி வந்து உட்கார்ந்திருந்தார். கசிவை நிறுத்த ஒரு வருடம் இடுப்புத் தசைப் பயிற்சி செய்தும் பலனில்லை.

"ஒண்ணுமில்லன்னு எழுதிட்டீங்க. வீட்டுக்காரர் 'எல்லாம் உன் மனப்பிரமை'ன்னுட்டாரு. மைதானத்துல நிக்க முடியல டாக்டர். வெள்ளிக்கிழமை வேலைய விடறேன்னு எழுதிக் கொடுக்கப் போறேன்."

"அன்னிக்கு உள்ள வர்றதுக்கு முன்னாடி போயிட்டு வந்தீங்களா?"

"பின்ன? உங்க முன்னாடி மானம் போகவா?"

பேராசிரியை மாணவியைப் பார்த்தார். மாணவி தரையைப் பார்த்தாள்.

மூன்று தம்ளர் தண்ணீர், ஒரு மணி நேரக் காத்திருப்பு. பிறகு ஆசிரியையை நிற்க வைத்தார்.

"டீச்சர், விசில் இருக்கா? பலமா ஊதுங்க."

"ஆஸ்பத்திரியிலயா?"

"நான் கோட்டைத் தாண்டிட்டேன்னு வச்சுக்குங்க. ஊதுங்க!"

விசில் நடைவழியின் கோடிவரை கேட்டது. தரையில் சொட்டுச் சொட்டாக விழுந்தது.

"அப்பாடா, வந்துருச்சு!" பேராசிரியை கை தட்டிவிட்டார்.

"நான் பொய் சொல்லல, பார்த்தீங்களா?" ஆசிரியைக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. துடைக்கக் குனிந்தவரைத் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டு, பேராசிரியையே துணியை எடுத்தார்.

"என் தப்பு மேம்," என்றாள் மாணவி.

"கையெழுத்து யாரோடது?"

பழைய தாளை வாங்கி, 'கசிவு இல்லை' என்ற வரியைக் கோடிட்டு அடித்தார். தன் கையெழுத்துக்குக் கீழே எழுதினார்: 'பை காலியாக இருந்தபோது பார்த்தது. தவறு என்னுடையது.'

ஆசிரியைக்கு அறுவை சிகிச்சை வெள்ளிக்கு முந்தின நாள், வியாழக்கிழமை காலை ஏழரைக்கு.