ஓசிச் சூடு

கேக் வெந்து முடியப் பத்து நிமிடம் இருக்கும்போதே ரோஸ்விதா நேகெலே அடுப்பை அணைத்துவிடுவாள். மிச்ச வேலையை மிச்சச் சூடு பார்த்துக்கொள்ளும். கேக்கை வெளியே எடுத்த கையோடு, அது இருந்த இடத்தில் செர்ரிக் கொட்டைகளை நிரப்பித் தைத்த துணிப் பை ஒன்றை வைத்துக் கதவைச் சாத்துவாள். கொட்டைகள் கோடையில் ஜாம் காய்ச்சியபோது மிஞ்சியவை. துணி, கிழிந்துபோன தலையணை உறை. பை சூடேறியதும் அது படுக்கையின் கால்மாட்டுக்கோ, வலிக்கிற முழங்காலுக்கோ போகும். அடுப்புக் கதவு அகலத் திறந்து வைக்கப்படும். சமையலறை அரைமணி நேரத்துக்குக் கதகதப்பாக இருக்கும். "ஒரு தடவ கரண்டுக்குக் காசு குடுத்தா மூணு தடவ வேல வாங்கணும்" என்பாள். விட்டால் நாலாவது வேலையும் வாங்குவாள்.

ஜெர்மனியில், ரொய்ட்லிங்கன் ஊரில் அவள் குடியிருக்கும் கட்டடத்தில் படிக்கட்டு விளக்குக்குப் பொத்தான் உண்டு. அழுத்தினால் எரியும், கொஞ்ச நேரத்தில் தானே அணையும். இத்தனை வருடத்தில் அந்தப் பொத்தானை அவள் தொட்டதில்லை. எத்தனை படி, எங்கே திருப்பம் என்பது காலுக்குத் தெரியும்போது விளக்கு எதற்கு? ஷ்பெட்ஸ்லே என்கிற முட்டை நூடுல்ஸ் வெந்த தண்ணீரில்தான் தட்டுக் கழுவுவாள். காய் அலசிய தண்ணீர் ஜன்னல் தொட்டிச் செடிகளுக்கு. ரொட்டிக் கடையில் நேற்றைய ரொட்டியைப் பாதி விலைக்கு வாங்கி, "நேத்து ரொட்டிதான் வயித்துக்கு நல்லது" என்று கடைக்காரிக்கே பாடம் எடுப்பாள்.

கஞ்சம் என்று மட்டும் அவள் காதுபடச் சொல்லிவிடாதீர்கள். மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். அவள் சுடும் கேக்கில் வெண்ணெய் குறையாது, முட்டை குறையாது. வீட்டுக்கு வந்தவரை ஒரு துண்டோடு விடவும் மாட்டாள். அவளுக்கு ஆகாதது ஒன்றே ஒன்றுதான், வீணாவது. ஜன்னலைச் சாய்த்துத் திறந்து வைத்துவிட்டு அதற்குக் கீழேயே ஹீட்டரையும் போட்டிருக்கும் வீட்டைத் தெருவில் பார்த்துவிட்டால் கால் நகராது. மணியடித்து, "தெருவுக்கா சூடு போடறீங்க?" என்று கேட்டுவிட்டுத்தான் போவாள். முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தியவர்கள் நிறையப் பேர். மறுநாள் அதே வழியில் போய் ஜன்னல் மூடியிருக்கிறதா என்று பார்ப்பாள்.

வேலை சலவைக் கடையில், இஸ்திரி போடுவது. ஐம்பத்தெட்டு வயதில் நாள் முழுக்க ஆவிக்குள் நிற்கிறாள். பொத்தான் அறுந்ததற்காகக் கோட்டையே தூக்கிப் போடுகிறவர்களை நினைத்து அங்கேயும் வயிறெரிவாள். வீட்டில் ஏன் ஹீட்டர் போடுவதில்லை என்று கூட வேலை செய்கிறவர்கள் கேட்டால், "பகலெல்லாம் இங்க வேகறேன், ராத்திரிக்கு வேற வேகணுமா?" என்பாள். ஹீட்டர் திருகு அவள் வீட்டில் எப்போதும் பனிப்பூப் படம் போட்ட இடத்திலேயே நிற்கும். அதாவது, அணைத்தே இருக்கும். கட்டடம் முழுக்க ஒரே கொதிகலன் என்பதால், யார் எவ்வளவு செலவழித்தாலும் சூட்டுச் செலவில் எல்லாருக்கும் பொதுவான ஒரு பங்கு உண்டு. அதை மட்டும் முணுமுணுத்துக்கொண்டே கட்டுவாள். ஜன்னல் இடுக்குகளில் பழைய காலுறை திணித்திருந்தாள். கால்சராயை வெட்டி மணல் நிரப்பிக் கதவடியில் போட்டிருந்தாள். தரையெல்லாம் கம்பளம். மேலே இரண்டு கம்பளிச்சட்டை. இவ்வளவும் சேர்ந்து, ஜனவரியில்கூட மேசைமேல் இருக்கும் வெண்ணெய் ரொட்டியில் தடவ வரும் பதத்தில் இருந்தது. விருந்தாளிகள் முன் அந்த வெண்ணெயைக் கத்தியால் ஒரு வழி வழித்துக் காட்டுவதில் அவளுக்குத் தனிச் சந்தோஷம்.

அந்த வீடு அவளுடையது. மணமுறிவுக்குப் பிறகு தனியாக உழைத்து வாங்கியது. அண்ணன் கைமாற்றாகத் தருகிறேன் என்றதற்கு வேண்டாம் என்றுவிட்டாள். கேட்பவர்களிடம் "யாருகிட்டயும் கையேந்தினதில்ல" என்று சொல்வாள், கேட்காதவர்களிடமும் சொல்வாள். கீழ்வீட்டு எகோன் லுட்ஸ், ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர், படித்து முடித்த செய்தித்தாளை மாலையில் அவள் வாசலில் வைப்பார். அதைச் சும்மா வாங்க மனம் ஒப்பாமல், இலையுதிர் காலம் தோறும் ப்ளம் ஜாம் காய்ச்சி ஒரு பெரிய புட்டியை அவர் வாசலில் வைப்பாள். அவரும் காலிப் புட்டியைக் கழுவித் திருப்பித் தருவார். பல வருடங்கள் இப்படியே நல்லபடியாகப் போயின.

கெடுத்தது வீட்டுக்காரர்களின் வருடாந்திரக் கூட்டம். உணவகத்தின் பின்னறையில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். ரோஸ்விதா ஒரே ஒரு ஆப்பிள் சாற்றை முழுக் கூட்டத்துக்கும் வருகிற மாதிரி உறிஞ்சிக்கொண்டிருந்தாள். கட்டட நிர்வாகத்து இளைஞன் ஒவ்வொரு வீட்டின் சூட்டுச் செலவையும் வாசித்தான். நேகெலே வீட்டில் இந்த வருடமும் ஹீட்டர் ஓடவே இல்லை என்று அவன் சொன்னதும் அவள் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தாள். யாராவது பாராட்டுவார்கள் என்று எதிர்பார்த்தாள் போல. லுட்ஸ் எழுந்தார்.

"நான் ஒண்டிக்கட்டை. ஆனா ரெண்டு வீட்டுக்கு சூடு போடறேன்" என்றார். "மேல நேகெலே அம்மா ஓசியில குளிர் காயறாங்க."

அறையே சிரித்தது. நிர்வாகத்து இளைஞன்கூடக் காகிதத்துக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டான். கேட்டீர்களா அநியாயத்தை? ஒரு காகிதத் துண்டுகூட இரவல் வாங்காதவளை, ஊர் பார்க்க ஓசிக்காரி ஆக்கிவிட்டார்கள். ரோஸ்விதாவுக்குக் காது மடல் வரை சிவந்துவிட்டது.

"சூடு மேல ஏறும்கறது நான் போட்ட சட்டமா? கயிறு கட்டியா இழுத்தேன்?" என்று எழுந்தாள். "பனியனோட உக்காந்துக்கிட்டு இருபத்தஞ்சு டிகிரி வெச்சுக்கறது உங்க கொழுப்பு, ஐயா. எங்க வீடு சூடா இருக்குன்னா அதுக்கு நான் பாடுபடறேன். அடுத்தவங்களோடத நான் எடுத்ததே கிடையாது."

லுட்ஸ் தோளைக் குலுக்கிவிட்டு உட்கார்ந்துகொண்டார். அந்தத் தோள் குலுக்கலைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. சலவைக் கடையில் ஒரு மாதம் அதையே நடித்துக் காட்டினாள்.

அன்றோடு சரி. மறுநாள் வாசலில் வைக்கப்பட்ட செய்தித்தாள் மடிப்புக் கலையாமல் கீழே அவர் மிதியடிக்கே திரும்பிப் போனது. இரண்டு மூன்று முறை அப்படிப் போனபின் அவரும் நிறுத்திக்கொண்டார். படிக்கட்டில் எதிர்ப்பட்டால் ஏறிட்டும் பார்க்கமாட்டாள். அந்த இலையுதிர் காலத்தில் ஜாம் காய்ச்சினாள். பெரிய புட்டியிலும் ஊற்றினாள். வருடம் எழுதி ஒட்டினாள். ஆனால் கொடுக்கவில்லை. நிலவறை அலமாரியின் மேல்தட்டில் கொண்டுபோய் வைத்தாள். எடுத்துத் தின்னவும் மனம் வரவில்லை; அது அவர் பங்கென்று காய்ச்சியது. அடுத்த வருடமும் இன்னொரு புட்டி அதன் பக்கத்தில் போய் உட்கார்ந்தது.

மூன்றாவது இலையுதிர் காலம் வருவதற்குள் லுட்ஸுக்கு முழங்கால் ஒத்துழைக்காமல் போயிற்று. ஃப்ரைபுர்கில் இருக்கும் மகளோடு போய் இருப்பதென்று முடிவாகி, வண்டியில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தபோது அவளைப் படிக்கட்டில் நிறுத்தினார்.

"இனிமே பாத்து இருங்க, நேகெலே அம்மா. கம்பளிச்சட்ட இன்னும் ரெண்டு வாங்கி வெச்சுக்கங்க."

போகிற போக்கிலும் ஒரு குத்தல்! அவள் விறுவிறுவென்று மேலே ஏறினாள். ஜன்னலோரம் போய் வண்டி கிளம்புவதைப் பார்க்கவும் இல்லை.

நவம்பரில் ஒருநாள் காலை வெண்ணெய் தடவ வரவில்லை. கத்தி வைத்தால் செதில் செதிலாகப் பெயர்ந்தது, ரொட்டியும் கிழிந்தது. கடையில் மட்டமான வெண்ணெயைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போனாள். அடுத்த வாரம் ஜன்னல் கண்ணாடியில் உள்பக்கம் தண்ணீர் வழிந்தது. ஜன்னல் ரப்பர் போய்விட்டது என்றாள். பிறகு அலமாரிக்குப் பின்னால் மூலையில் கறுப்பாகப் பூஞ்சை எட்டிப் பார்த்தது. கட்டடம் கட்டியவனைத் திட்டினாள், நிர்வாகத்தைத் திட்டினாள், இந்த வருடத்துக் குளிரையே திட்டினாள். காலுறைகளைப் பிடுங்கிப் புதிதாகத் திணித்தாள். மூன்றாவது கம்பளிச்சட்டை போட்டாள். செர்ரிக் கொட்டைப் பை நடுராத்திரிக்குள் ஆறிப்போக, கால் விறைத்துக்கொண்டு விழித்தாள்.

கடைசியில் ஹீட்டரிடம் போனாள். இத்தனை வருடம் தொடாத திருகு இறுகிப்போயிருந்தது. குறடு வைத்துத் திருப்ப வேண்டியிருந்தது. குழாய் இருமியது, தூசி கருகும் நாற்றம் வந்தது, பிறகு சூடு வந்தது. இரண்டில் வைத்தாள். பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, திருடனுக்குக் காவல் இருப்பவள்போல் அதை முறைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். அழுகை வருகிற அளவுக்கு ஆத்திரம்.

இரண்டு போதவில்லை. வீடு வெதுவெதுப்பானதே தவிரப் பழைய கதகதப்பு இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்பளத்தைப் புரட்டித் தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். சில்லிட்டது. எங்கே போகிறது தான் காசு கொடுத்துப் போடும் சூடு? அப்போதுதான் கீழ்வீட்டின் நினைப்பு வந்தது. லுட்ஸ் இருந்த வீட்டுக்கு ஆன்யா ஃபிங்க் என்று நாற்பது வயதுப் பெண் ஒருத்தி குடிவந்திருந்தாள். சரக்குக் கிடங்கில் பொட்டலம் கட்டும் வேலை, தனி ஆள் என்பதைத் தவிர ரோஸ்விதாவுக்கு அவளைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆக, அவள் ஹீட்டரே போடுவதில்லை. மேலே இருந்து தரை வழியாக இறங்குவதை வாங்கிக்கொண்டு சொகுசாக இருக்கிறாள். என்ன நெஞ்சழுத்தம்! ரோஸ்விதா செருப்பை மாட்டிக்கொண்டு, இருட்டில் படியிறங்கினாள். கேட்க வேண்டிய கேள்வி நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

கதவு திறந்தது. ஆன்யா இரண்டு கம்பளிச்சட்டையும் தலையில் பின்னல் குல்லாயும் போட்டிருந்தாள். "மேல்வீட்டு அம்மாவா? உள்ள வாங்க, சீக்கிரம் கதவச் சாத்திருங்க, சூடு போயிரும்" என்றாள். சமையலறையில் ஏதோ கேக் ஆறிக்கொண்டிருந்தது. அடுப்புக் கதவு அகலத் திறந்து கிடந்தது. ஜன்னல் இடுக்கில் சாம்பல் நிறக் காலுறையின் விரல் பகுதி எட்டிப் பார்த்தது.

ஹீட்டர் போடுவதில்லையா என்று ரோஸ்விதா நேராகவே கேட்டாள்.

"நானா? ஒரு நாள்கூட இல்ல" என்று ஆன்யா முகம் மலர்ந்தாள். "வந்த புதுசுல நடுங்கிட்டேன். அப்புறம் காலுறையத் திணிச்சேன், கதவுக்கடியில துணியப் போட்டேன். பாருங்க, வீடு தானா சூடாயிருச்சு. நல்ல சுவரு. நாமளும் கொஞ்சம் பாடுபட்டா எதுக்குங்க வீண் செலவு? பெருமைக்குச் சொல்லல, யாருகிட்டயும் கையேந்திப் பழக்கமில்ல எனக்கு."

ரோஸ்விதா சுற்றிலும் பார்த்தாள். மேசைமேல் தட்டில் வெண்ணெய் இருந்தது.

"வெண்ணெய் தடவ வருதா?" என்று கேட்டாள்.

"மெத்துன்னு இருக்குங்க" என்று ஆன்யா கத்தியால் ஒரு வழி வழித்துக் காட்டினாள்.

கொடுத்த காப்பியை நின்றபடியே குடித்துவிட்டு ரோஸ்விதா மேலே வந்தாள். நேராக ஹீட்டரிடம் போய்த் திருகைப் பிடித்தாள். அணைத்தால் கீழே இருப்பவளுக்கு மூன்றே நாளில் தெரிந்துவிடும், எது சுவர், எது சூடு என்று. பிடித்தபடி வெகுநேரம் நின்றாள். பிறகு அதைத் திருப்பாமலே கையை எடுத்துக்கொண்டாள். அன்றிரவு முழுக்க லுட்ஸ்மேல்தான் கோபம். அந்த மனிதர் சொன்னது உண்மையாகப் போய்விட்டதே! உண்மையென்றால் என்ன, அதைப் பத்துப் பேர் முன்னால் வைத்தா சொல்வது? மேலே வந்து, உட்கார்ந்து, ஒரு துண்டு கேக் தின்றுகொண்டு, இப்படி இப்படி என்று தன்மையாகச் சொல்லியிருக்கக் கூடாதா? சொல்லியிருந்தால் அவள்தான் கேட்டிருப்பாளா என்ற யோசனை அதிகாலையில்தான் வந்தது. அதற்கப்புறம் தூக்கம் பிடிக்கவில்லை.

மறுநாள் நிலவறைக்குப் போய் மேல்தட்டிலிருந்த இரண்டு புட்டிகளையும் எடுத்துத் துடைத்தாள். பொட்டலம் அனுப்பும் கூலி பகல்கொள்ளை என்று சொல்லி, அந்தப் பக்கம் யாராவது போகும்வரை மாதக்கணக்கில் காத்திருந்து சாமான் கொடுத்தனுப்புகிறவள் அவள். இப்போது ஃப்ரைபுர்க் பக்கம் போகிறவர்கள் யாரென்று யாரையும் கேட்கவில்லை. நிர்வாகத்தில் கேட்டு வாங்கிய லுட்ஸின் முகவரியைப் பழைய அட்டைப்பெட்டி ஒன்றில் எழுதி எடுத்துக்கொண்டு, தபாலும் பார்க்கும் எழுதுபொருள் கடைக்குப் போனாள். பெட்டியை வீட்டிலேயே ஒட்டவில்லை. ஒட்டுநாடா அங்கே ஓசியில் கிடைக்கும்.

கடைக்காரர் திறந்த பெட்டியைத் தராசில் வைத்தார். இரண்டு புட்டிகளுக்கும் நடுவே, இடித்துக்கொள்ளாமல் இருக்க, அந்தச் செர்ரிக் கொட்டைப் பை.

"ரெண்டு கிலோவத் தாண்டுது, அம்மா. மேல்கட்டணம் ஆயிரும்" என்றார் அவர். ரோஸ்விதாவை அவருக்கு நன்றாகத் தெரியும். "இந்தத் துணிப் பைதான் கனம். இத எடுத்துட்டுக் காகிதத்தக் கசக்கி வெச்சா கம்மியில முடிஞ்சிரும்." சொல்லிக்கொண்டே பையை உருவி வெளியே வைத்தார்.

ரோஸ்விதா அதை எடுத்தாள். இருந்த இடத்திலேயே திருப்பி வைத்து, உள்ளங்கையால் நன்றாக அமுக்கிவிட்டு, மூடியைச் சாத்திக்கொண்டு பணப்பையைத் திறந்தாள்.